இரண்டாம் வரிசையில் என் மகள்

உறவில் எனக்கு இளையவரும், மைதானத்தில் எனக்கு மூத்தவருமான மைத்துனர், ஹாக்கிக் கோச் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் அக்கா, என் இரத்த அழுத்தம் மூவரும் சௌக்கியம். அங்கு நீங்களும் உங்கள் முழங்காலும் சௌக்கியம்தானே?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். கோல் அடிக்கும் பெண்களை இரண்டு வரிசையாகப் பிரித்திருக்கிறீர்கள்; முதல் வரிசை ஓடிக் களைத்து வெளியே வந்ததும் இரண்டாவது உள்ளே போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் பல் டாக்டர் மகள் நெட்டையை முதல் வரிசையில் வைத்துவிட்டு, என் மகளை, உங்கள் சொந்த அக்கா பெற்ற மகளை, இரண்டாவதில் போட்டுப் பெஞ்சில் உட்கார வைக்கிறீர்களே, இது அடுக்குமா? இரண்டு பேரையும் முதலிலேயே சேர்த்து இறக்கினால், எதிரணி மூச்சு விடுவதற்குள் கோல் விழாதா? பஸ் டிப்போவில் எந்த டிரைவரோடு எந்தக் கண்டக்டர் என்று ஜோடி சேர்ப்பதே என் பிழைப்பு; யார் யாரோடு சேர்ந்தால் வண்டி ஓடும், யார் யாரோடு சேர்ந்தால் வாய் மட்டும் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? இதை உங்கள் அக்காவுக்கு விளக்கச் சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை அணிவகுத்து நிறுத்தினேன். "அந்த சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் குடுங்க, தண்ணி குடிக்கணும்" என்றாள். பிறகு, "என் தம்பிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்" என்று, கோல்கீப்பராக நின்ற உப்பு டப்பாவையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அரையிறுதியில் நடந்ததற்கு என்மேல் கோபமாக இருப்பீர்கள். டிப்போ விசில் சட்டைப் பையிலேயே கிடந்து தொலைத்தது. மகள் பந்தோடு பாய்ந்ததும், ரிவர்ஸில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஊதுகிற பழக்கத்தில் ஊதிவிட்டேன். நடுவர்தான் ஊதினார் என்று இரண்டு அணியும் சிலையாக நின்றுவிட்டன. என் மகள் மட்டும் நிற்கவில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட சத்தமாயிற்றே! 'இது நம்ம அப்பா' என்று அலட்டிக்கொள்ளாமல் ஓடிப்போய் கோல் போட்டாள். கோல் செல்லாது என்றார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். விசிலை நீங்களே பிடுங்கிக்கொண்டீர்கள். எப்படியோ ஜெயித்தோம், போகட்டும். கேட்டுக்கு வெளியே காவலாளியிடம், "அந்த கோல் அடிச்சது என் பொண்ணு" என்றேன். "வெளிய தள்ளினது யாரை சார்?" என்றார். அதற்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். அத்தனை பேரில் அப்பன் விசில் எது, நடுவர் விசில் எதுவென்று தெரிந்தவள் ஒருத்திதானே மச்சான்! அவளைப் போய்ப் பெஞ்சிலா?

உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் உங்கள் முழங்காலுக்கும் என் ஆசிகள்.

நல்ல பதிலையும் முதல் வரிசையையும் எதிர்பார்க்கும்,
உங்கள் அக்கா புருஷன்

பி.கு.: உறையில் போடுவதற்குள் மகள் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, ரெண்டாவது வரிசையை மாமாகிட்ட கேட்டு வாங்கினதே நான்தான். நெட்டை எதிர் டீமை ஓட ஓட விரட்டிக் களைக்க வைப்பா. அப்புறம் நான் போய் கோல் போடுவேன்."

"இதெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான்! நல்ல டிரைவரைக் காலி ரோட்டுல போற முதல் பஸ்ல வீணாக்கக் கூடாது, கூட்ட நேரத்துக்கு வெச்சிருக்கணும்னு சாப்பிடும்போதெல்லாம் சொல்வீங்களே!"

ஆகவே மேலே கண்டது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வரிசை அப்படியே இருக்கட்டும். அதை வகுத்துக் கொடுத்தது நான்தான் என்று டிப்போ முழுக்கச் சொல்லியாயிற்று. விசிலை மட்டும் கொடுத்தனுப்புங்கள். அதைப் பிடுங்கிய நாளிலிருந்து இங்கே ஒரு பஸ்கூடப் பின்னால் வர மாட்டேன் என்கிறது.