ஆணிக்குத் தளம் கிடையாது

சாகாவரம் தரும் கிண்ணம் ஒன்றின் விலை வருடத்துக்கு அறுநூறு. வரி தனி. பேரம் கிடையாது.

கதையில் அந்தக் கிண்ணத்துக்காக மூன்று ராஜ்யங்கள் அழிந்திருக்கலாம், நாற்பது தலைகள் உருண்டிருக்கலாம். இங்கே, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில், அது வெறும் விண்ணப்பம். அறுநூறு கட்டினால் கிண்ணத்தின் பெயரில் இணையத்தில் ஒரு ரசிகர் தளம் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால், கிண்ணத்துக்கு அந்தத் தகுதி உண்டு என்று 'பொருள் மற்றும் இடப் பிரிவு' அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். மூன்று ராஜ்யங்களை அழித்த கிண்ணம் அவர் மேஜையில் வந்துதான் உடையும்.

அதிகாரிக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்தரி. வயதுக்கும் வழுக்கைக்கும் மரியாதை வைத்து நேரில் 'சார்', அந்தப் பக்கம் திரும்பினால் 'கத்தரியார்'. பதினோரு வருடத்தில் அவர் ஏற்றுக்கொண்டது ஒன்பது. அதில் ஒன்று, காய்ச்சலோடு வேலைக்கு வந்த அன்று கை தவறி நடந்தது என்று இன்றைக்கும் வருத்தப்படுவார்.

அன்று காலை அவர் முன்னால் இருந்தது ஒரு மந்திரவாதி தன் தொப்பியை மாட்டும் ஆணி. கத்தரியார் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு பதில் அடித்தார்.

'ஐயா, தொப்பிக்கு ரசிகர் இருக்கலாம். தொப்பிக்குள்ளிருந்து வரும் முயலுக்கும் இருக்கலாம். ஆணிக்கு ரசிகர் இருந்தால் அந்தச் செய்தி முதலில் சுவருக்குத் தெரிந்திருக்கும். சுவரை விசாரித்தேன். அப்படி யாரும் வந்ததாக நினைவில்லை என்கிறது. ஆகவே தளம் கிடையாது.'

அடுத்தது ஒரு விண்கப்பலின் மூன்றாம் மாடிக் குளியலறை.

'அம்மா, கப்பலில் இருநூறு பேர். பயணம் நாற்பது வருடம். ஒருவர்கூட அந்தக் குளியலறைக்குள் போனதாகத் தாங்கள் எழுதவில்லை. அந்த இருநூறு பேரின் தியாகத்துக்குத் தலை வணங்குகிறேன். தளம் கிடையாது.'

இப்படித் தினமும் அறுபது. எந்தக் கதையையும் அவர் படித்ததில்லை. படித்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் தராசு சாயும் என்பது அவர் கொள்கை. விண்ணப்பத்தில் 'கதைச் சுருக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் எழுதியதை வைத்தே தீர்ப்பு.

"சார், ஒரு நிமிஷம் உக்காரலாமா?" என்று மேலாளர் வந்தார். கேட்கும்போதே உட்கார்ந்தும் விட்டார். நல்ல செய்தி கொண்டுவருகிறவர்கள் நின்றபடியே சொல்லிவிட்டுப் போவார்கள் என்பது கத்தரியாருக்குத் தெரியும்.

"சொல்லுங்க மேடம்."

"தலைமை அலுவலகத்துல கணக்குக் கேக்கறாங்க. அஞ்சாவது மாடியில கதாபாத்திரப் பிரிவு, நாப்பதாயிரம் தளம். உங்க பிரிவு…"

"ஒம்பது. முத்து மாதிரி ஒம்பது."

"முத்துதான் சார். ஆனா அந்த முத்தை யாரும் வந்து பாக்கறதில்லையே. மாசக் கடைசிக்குள்ள நூறு தளமாவது ஆளுங்க வந்து போற மாதிரி உயிரோட இருக்கணுமாம். இல்லேன்னா பிரிவை மூடிட்டு உங்களை அஞ்சாவது மாடிக்கு மாத்தச் சொல்லிட்டாங்க."

அஞ்சாவது மாடிக்குத் தலைவன் கத்தரியாரின் மச்சினன். மனைவியின் தம்பி. வில்லனின் டிரைவரின் அத்தை மகனுக்கும் தளம் கொடுத்து, கூடவே ஒரு சிவப்பு இதயமும் போட்டு அனுப்புகிற பிரகிருதி. பத்து வருடத்துக்கு முன்னால் இதே அலுவலகத்தில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் கத்தரியார்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. இனி அவனிடம் விடுப்புக் கேட்டு எழுதி நிற்க வேண்டும்!

மதியத்துக்குள் செய்தி மாடியேறிவிட்டது. மச்சினன் படியிறங்கி வந்தான்.

"அத்தான், ஜன்னல் பக்கத்துல உங்களுக்கு ஒரு மேஜை ஒதுக்கிட்டேன். வெயில் அடிக்கும், பரவாயில்லையா?"

"இன்னும் பதினாறு நாள் இருக்குடா."

"அதான் சொல்றேன். இப்பவே மேஜையைத் தொடச்சு வெச்சாத்தான் அப்ப சுத்தமா இருக்கும்."

அன்றைக்கே கத்தரியார் தன் கொள்கையை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். வந்த அறுபதையும் ஏற்றுக்கொண்டார். நொண்டிக் குதிரையின் லாடம், சரி. அரண்மனைக் கொல்லைப்புறக் குழாய், சரி. பேய் வராத அறை, அதுவும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி: 'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.' அடிக்கும்போது விரல் வலித்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டது போல மனசும் வலித்தது.

மறுநாள் பார்த்தால், அறுபது பேரில் ஒருவர்கூடத் தளத்தைத் திறக்க வரவில்லை. புதிய விண்ணப்பம் இருபதாகக் குறைந்திருந்தது.

"ஒத்தை வரியில ஏத்துக்கிட்டா யார் வருவாங்க?" என்றான் மச்சினன். "பொண்ணு பாக்கப் போய், சரி, கட்டிக்கறேன்னு மட்டும் சொல்லிட்டு வருவீங்களா? கொஞ்சம் இனிப்பு சேருங்க அத்தான். இதயம் போடுங்க."

"உங்க அக்காவுக்கே நான் இதயம் போட்டதில்லடா."

"அது தெரியுது. வீட்டுல தினமும் கேக்கறேனே."

கத்தரியார் இனிப்புச் சேர்த்தார். 'அன்புள்ளம் கொண்ட ஐயா, ஓட்டை விழுந்த அந்த வாளியைப் பற்றிப் படித்தபோது என் கண்கள் பனித்தன. இத்தனை நாள் உலகம் இதைக் கவனிக்காமல் விட்டதே! தளம் தங்களுக்காகக் கதவைத் திறந்து காத்திருக்கிறது.' கடைசியில் இதயம். அனுப்பிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் வந்தவை விண்ணப்பங்கள் அல்ல, புகார்கள்.

'என் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.'

'ஐயா, தங்களுக்கு உடம்பு சரியில்லையா? வீட்டில் யாராவது கூட இருக்கிறார்களா?'

'நான் என்ன தவறு செய்தேன் என்று எனக்கு இப்படி?'

இருபத்தைந்து வருடம் பேரம் பேசிய வியாபாரிகூட, கேட்ட விலைக்கே சரக்கைக் கொடுத்ததற்காக வாங்க வந்தவன் அழுது பார்த்திருக்க மாட்டான். கத்தரியார் பார்த்தார். இனிப்புப் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அடுத்த கடிதங்களில் இரண்டு இதயம் போட்டார். விண்ணப்பம் நாலுக்கு இறங்கியது.

வேறு வழி இல்லாமல் சில தளங்களைத் தானே திறந்தார். தளம் இருந்தால் ஆள் வேண்டுமே? வீட்டுக்குப் போனதும் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இங்க பாரு, ஒரு மந்திரக் கரண்டி இருக்கு. அதுக்கு நீ ரசிகையா சேரணும்."

"எந்தக் கரண்டிக்கும் நான் ரசிகை இல்லைங்க. எல்லாக் கரண்டிக்கும் நான்தான் வேலைக்காரி."

"சும்மா பேருக்குத்தானே."

"பேருக்குன்னா ஒரு மாசம் பாத்திரம் நீங்க கழுவணும்."

"பத்து நாள்."

"இருபத்தஞ்சு. எண்ணெய்ச் சட்டியும் சேத்து."

"இருபது. சட்டி உன் கணக்கு."

"சட்டி இல்லேன்னா கரண்டியும் இல்ல."

சட்டியோடு இருபது நாளில் பேரம் படிந்தது. மனைவி ரசிகையாகச் சேர்ந்தாள். வாங்கிய கூலிக்கு வேலை செய்யாமல் விடுகிற பரம்பரை இல்லை என்பதால், தளத்தில் கருத்தும் எழுதினாள்: 'தொட்டதெல்லாம் விருந்தாக்கும் கரண்டியாம். சமைத்த பிறகு ஊறப்போடாவிட்டால் இதுவும் நாறும். கதாநாயகன் கழுவினதாக ஒரு இடத்திலும் இல்லை.'

மறுநாள் மச்சினன் இதை அஞ்சாவது மாடி முழுக்கக் கேட்கும்படி வாசித்தான். வாசித்து முடித்து, "அக்கா எழுத்து! நடையைப் பாத்ததுமே பயந்துட்டேன்" என்றான். வந்த ஒரே ரசிகை கத்தரியாரின் மனைவிதான் என்று மேலாளருக்கும் தெரிந்துபோனது.

"சார், இந்த மாதிரி வேண்டாமே. ஏற்கெனவே இருக்கற மரியாதையும் போயிடும்" என்றார் மேலாளர், தணிந்த குரலில். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாதக் கடைசி நாள் வந்தது. தலைமை அலுவலகத்துக்காரர் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினார். பக்கத்தில் மேலாளர். எதிரே கத்தரியார். அழைக்காமலே வந்து கதவருகில் சாய்ந்து நின்றான் மச்சினன்.

"ஏத்துக்கிட்டது நூத்திப் பதினேழு. திறந்தது ஆறு. ஆறையும் திறந்தது நீங்க. வந்து போன ஆள் ஒண்ணு." தலைமை அலுவலகத்துக்காரர் நிமிர்ந்தார். "அந்த ஒண்ணும் உங்க சம்சாரம்."

"நல்லா எழுதுவாங்க சார்" என்றான் மச்சினன்.

"நீ சும்மா இருடா."

"இனிமே 'டா' போட முடியாதே அத்தான், நாளைலேருந்து."

தலைமை அலுவலகத்துக்காரர் மாற்றல் உத்தரவை எடுத்து வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். கத்தரியார் தன் கைகளைப் பார்த்தார். எத்தனை ஆணிகளை, எத்தனை குழாய்களை நியாயமாக நிறுத்துப் பார்த்த கைகள்! கடைசியில் ஓட்டை வாளிக்காகக் கண் பனித்ததாகப் பொய் எழுதி, மானத்தையும் விற்று, விற்ற காசையும் வாங்காமல் நின்றாயிற்று.

அப்போது வரவேற்பறையில் சத்தம் கேட்டது. காவலாளி தடுத்தும் கேட்காமல், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கழுத்தில் முகமூடி தொங்கியது. கையில் ஒரு காகிதம்.

"இங்க பொருள் மற்றும் இடம் யாரு?"

"நான்தான். நீங்க?"

"பல் டாக்டர். நாற்காலியில ஒரு ஆளை வாயைத் திறந்தபடியே உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன் சார், மரத்துப்போற ஊசி போட்டிருக்கு, அரை மணி நேரம் தாங்கும். இது நீங்க எழுதினதா?" காகிதத்தை மேஜை மேல் அறைந்தார். ஓட்டை வாளிக்கு வந்த பதில். கண் பனித்த வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

"ஆமா. ஏத்துக்கிட்டிருக்கேனே?"

"அதான் கேக்கறேன். என்னைப் போய் எப்படி ஏத்துக்கலாம்? அந்த வாளியை யோசிக்க எனக்கு மூணு நாள் ஆச்சு!"

"யோசிக்கவா?" கத்தரியார் குழம்பிப்போனார். "எந்தக் கதையில வர்ற வாளி சார் அது?"

தலைமை அலுவலகத்துக்காரர் பேனாவைக் காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தினார். மச்சினன் கதவிலிருந்து முதுகை எடுத்தான். பல் டாக்டர் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கதையா? வாளியும் கிடையாது, ஆணியும் கிடையாது, குளியலறையும் கிடையாது சார், எல்லாம் நாங்க இட்டுக்கட்டி அனுப்பினது. உங்க மறுப்புக் கடிதத்தைச் சேக்கறதுக்குன்னே வேற இடத்துல தளம் வெச்சு இருபத்தோராயிரம் பேர் இருக்கோம், என் கணக்குல மட்டும் நான் அனுப்பினது முப்பத்திரண்டு, நீங்க மறுத்தது முப்பத்தொண்ணு, ஆக ஒரு மறுப்பு பாக்கி, ஊசி மரப்பு விடறதுக்குள்ள எழுதிக் குடுங்க!"