பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்

அளப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நிலம் அளப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் எல்லைக்கல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். இங்கே பேச்சு, அடுத்தவர் வலியை அளப்பவர்களைப் பற்றி. நீங்கள் “ஐயோ” என்று கத்தி முடிப்பதற்குள், “எந்த அளவுக்கு ஐயோ?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறக்கிறாரே, அவர்தான். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வலியில் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டால்கூட அவருக்கு உள்ளங்கை அரிக்கும்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் தனபாலைப் பார்க்க வேண்டும். மூட்டுவலி ஆராய்ச்சியாளர். சேலத்திலிருந்து பை நிறையக் கேள்வித்தாள்களோடு கொல்லிமலைக்கு ஏறி வந்து, தேவனூர் நாடு என்ற மலைப்பகுதியில் வீடு வீடாகப் போய் முட்டிகளை விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விகளை எங்கோ குளிர்தேசத்தில் எழுதியிருந்தார்கள். உலகம் முழுவதும் அதே கேள்வி, அதே வரிசை, அதே சொல். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, விளக்கக் கூடாது, பதில் சொல்பவர் முழித்தால் சேர்ந்து முழிக்கலாம், அவ்வளவுதான். இதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. ஒருவர் “கொஞ்சம்” என்பதும் இன்னொருவர் “கொஞ்சம்” என்பதும் ஒன்றா? ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? தனபால் இதை மனப்பூர்வமாக நம்பினார். யாரும் கேட்காதபோதும் சொன்னார்.

ஒரு நாள் காலையில் மாதேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். மாதேஸ்வரன் சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியின் உச்சியில் மிளகு பறித்துக்கொண்டிருந்ததால், அவர் மனைவி ராமாயி வாசலில் சாக்கை விரித்து உட்கார வைத்தாள்.

“ஏனுங்கம்மா, குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவதில் உங்களுக்கு எவ்வளவு சிரமம்?”

ராமாயி யோசித்தாள். “சிரமமே இல்லீங்க.”

“காரில் ஏறி இறங்குவதில்?”

“அதுலயும் இல்லீங்க.”

“காலுறை அணிவதில்?”

“அய்யோ, துளிகூட இல்லீங்க சார். போட்டாத்தானே.”

போட்டாத்தானே என்பதற்குத் தாளில் கட்டம் இல்லை. ‘சிரமமில்லை’ என்பதற்கு இருந்தது. தனபால் அங்கே ஒரு டிக் போட்டார்.

“கடைசியாக ஒன்று. உங்கள் முட்டி வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?”

“ரெண்டுங்க.”

இரண்டு. மிக லேசான வலி. ஐந்துக்கு மேல் சொன்னவர்களை மட்டும்தான் வேன் வைத்து அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். தனபால் திருப்தியாகத் தாளை மடித்தார். ராமாயி காப்பி வைக்க எழுந்தாள். எழுந்தாள் என்று எழுதிவிடலாம். ஆனால் நடந்தது வேறு. முதலில் தரையில் கையை ஊன்றி ஒருக்களித்தாள். பிறகு நிலைப்படியைப் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கிணற்றிலிருந்து குடத்தை இழுப்பதுபோல் தன்னையே மேலே இழுத்தாள்.

“ரெண்டுன்னு சொன்னீங்களே அம்மா?”

“ஆமாங்க, ரெண்டு முட்டியுந்தான்.”

தனபால் காப்பியைப் பாதியிலேயே வைத்தார். சிக்னல் கிடைக்கும் வளைவுவரை நடந்து, ஆராய்ச்சிக்குத் தலைவியான கோகிலவாணிக்குப் போன் போட்டார்.

“மேடம், அந்தம்மா கேள்வியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. எண்ணைத் திருத்தட்டுங்களா?”

“தனபால், புரியறதும் புரியாததும் அவங்க உரிமை. நாம திருத்தினா அது நம்ம வலி ஆயிடும்.”

“அவங்களால எந்திரிக்கவே முடியலீங்க.”

“அது நீங்க பார்த்தது. அவங்க சொன்னது ரெண்டு. வேணும்னா விதிப்படி அடுத்த வாரம் எல்லாருக்கும் ரெண்டாம் தடவை கேக்கணும் இல்லையா, அப்பக் கேளுங்க. அதே சொல்லுல.”

அடுத்த வாரத்துக்குள் மலையில் ஒரு சேதி பரவிவிட்டது. எட்டு என்று சொன்ன அண்ணாமலை வேனில் போய்க் காலில் கட்டோடு திரும்பியிருந்தார். அவர் கட்டை அவிழ்ப்பதற்குள், பெரிய எண் சொன்னால் முட்டியைக் கழற்றி எடுத்துவிடுவார்கள் என்று தோட்டந்தோட்டமாகப் பேச்சாகிவிட்டது. தனபால் போன வீட்டிலெல்லாம் வலி பறந்துபோயிருந்தது. போன வாரம் ஏழு சொன்னவர் பூஜ்யம் என்றார். ஒன்பது சொன்னவர் வாசலிலேயே குதித்துக் காட்டினார்.

ராமாயியும் பூஜ்யம்தான் என்றாள். தலைக்கு மேல் ஏணியிலிருந்து மாதேஸ்வரன், “அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, கல்லு மாதிரி இருக்கறா” என்று குரல் கொடுத்தார்.

தனபால் பேனாவை மூடினார். அவர் வாழ்க்கையில் அது லேசான காரியமில்லை. தாளைப் பைக்குள் வைத்துவிட்டு, எந்த நாட்டிலும் யாரும் அச்சடிக்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“என்னம்மா பண்ணுது?”

ராமாயி ஏணிப் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சாமைக்காட்டுல களையெடுக்கக் குந்துனா எந்திரிக்க முடியறதில்லீங்க. அதக்கூட ஓட்டிருவேன். அடிவாரத்துல, காரவள்ளியில எங்கக்கா கண்ணாயி படுத்த படுக்கையா கெடக்கறா. மழைக்கு முந்தியிருந்தே கெடக்கறா. பஸ்ஸுப் படியில என்னால கால் வெக்க முடியலீங்க சாமி. ஊர்ல கேட்டாங்க. அக்கா மேல கோவம்னு சொல்லிப்போட்டேன்.”

“எதுக்கும்மா அப்படிச் சொன்னீங்க?”

“முட்டி வலின்னா, வேலைக்கு ஆகாதவளுன்னு பேசுவாங்க. கோவம்னா மேக்கொண்டு யாரும் கேக்க மாட்டாங்கல்ல.”

மேலே மிளகு பறிக்கும் சத்தம் நின்றிருந்தது.

மாதேஸ்வரன் இறங்கி வந்தார். மனைவியைப் பார்க்காமல் தலைத்துண்டை உதறினார். “நானும் கோவம்னுதானுங்க நெனச்சேன். அக்கா தங்கச்சி சண்டை, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, ஜீப்புக்காரர் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார்.

ஆஸ்பத்திரியில் முட்டியைக் கழற்றவில்லை. கோத்திருந்த நீரை எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். முழுக்கச் சரியாகாது, ஆனால் நடமாடலாம் என்றார்கள். திரும்பும் வழியில் காரவள்ளியில் ஜீப் நின்றது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ராமாயி அக்கா வீட்டுக்குள் போனாள்.

கட்டிலில் கிடந்த கண்ணாயி தலையை மட்டும் திருப்பினாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“முட்டிக்கா. படி ஏற முடியல.”

“அதைச் சொல்லியனுப்பறதுக்கு என்ன? நீ கோவமா இருக்கறேன்னு, நான் என்ன பண்ணிப்போட்டேன்னு படுத்துக்கிட்டே ரோசனை பண்ணிக்கிட்டுக் கெடந்தேன்.”

“முட்டி என்ன பண்ணுதுன்னு யாரு கேட்டாக்கா?”

கண்ணாயி கையை நீட்டித் தங்கச்சியின் முட்டியைச் சேலைக்கு மேலாகத் தடவினாள். ஜீப்பில் கூடவே வந்து வாசலில் நின்ற தனபாலுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் ராமாயியிடம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி விடாமல், கேட்டவர்.

அந்த வட்டாரத்தின் கணக்கைப் பார்த்த கோகிலவாணி அசந்துபோனார். “ஒரே வாரத்துல ஊரே குணமாயிருக்கே! என்ன சிகிச்சை குடுத்தீங்க?”

“கேள்விதாங்க மேடம்.”

அந்தத் தாள்கள் எல்லாம் தள்ளுபடியாயின. ராமாயியின் பெயருக்கு எதிரே மட்டும் தனியாக, ‘கேள்வி மாற்றப்பட்டது’ என்று தனபாலே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமையே புதுத்தாள்களோடு அடுத்த ஊரில் இருந்தார். குளியல் தொட்டியில் தொடங்கிக் காலுறைவரை ஒரு சொல் பிசகவில்லை. ஒரே வித்தியாசம், பேனாவை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார். மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை, நேரம் வீணாகிறதாம்.

நல்லவேளை, நாம் ஆராய்ச்சியாளர் இல்லை என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாரே, பார்த்தீர்களா? நீங்களும் கடமை தவறாமல் கதவருகே நின்று, “என்ன, உடம்புக்கு முடியலையா? தலைவலியா? மாத்திரை போட்டாச்சா?” என்று வரிசையாகக் கேட்டிருப்பீர்கள். “ஒண்ணுமில்ல” என்று பதில் வந்திருக்கும்.

அப்பாடா என்று போய்ச் சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள்.