மீற்றர் அக்காவின் நாற்பது லீற்றர்

லண்டனில் மீற்றர் அக்காவோடு வாதாடி வென்றவர் என்று ஒருவரும் கிடையாது. காரைப் பிழையான இடத்தில் நிறுத்தியதற்குத் தண்டம் எழுத வந்தவர் தோற்றிருக்கிறார். கொதிகலன் திருத்த வந்தவர் தோற்றிருக்கிறார். ஒருமுறை கோயிலில் தீர்த்தம் எல்லோருக்கும் ஒரே அளவில் விழவில்லை என்று அக்கா சுட்டிக்காட்ட, ஐயர் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தார். நான் அவருடைய கிங்ஸ்பரி வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருந்தவன். நான் தோற்ற கதைகளைச் சொல்லப் போனால் இந்த இதழ் முழுவதையும் எனக்கே தரவேண்டி வரும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெம்பிளிப் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட்டில் காசாளராக நிற்பது அவருடைய வேலை; மீற்றர் என்ற பட்டமும் அங்கே பம்ப் மீற்றருக்காக வாதாடியே வந்தது. “நான் இவ்வளவு அடிக்கவில்லை, உங்கள் பம்ப் கூட்டிக் காட்டுகிறது” என்று எகிறிக்கொண்டு வரும் சாரதிகளை அக்கா கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நின்று கேட்பார். பிறகு வீட்டுக்கு வந்து, ஆங்கிலத்தில் நடந்த சண்டையை எனக்குத் தமிழில் நடித்துக் காட்டுவார்.

“நான் கேட்டன் தம்பி, நீ பாத்தது கண்ணால, பம்ப் பாத்தது உள்ளுக்குச் சுத்துற சில்லால. சில்லுக்கு உன்னோட என்ன கோபம் எண்டு கேட்டன். ஆள் காசை வைச்சிட்டுப் போட்டார்.”

இப்படிப்பட்டவர் பியர் காய்ச்சத் தொடங்கியதற்குக் காரணம் பியர் மீதான ஆசை அல்ல. டிசம்பரில் வேலையிடத்து நத்தார்ப் பண்டிகைக் குலுக்கலில், வீட்டில் பியர் காய்ச்சும் பெட்டி ஒன்று அவருக்கு விழுந்தது. வீட்டுக்கு வந்திருந்த ஒரு தூரத்து உறவினர் அதைப் பார்த்துவிட்டு, “உது பொம்பிளையளுக்குச் சரிவராது, என்னட்டைத் தாங்கோ” என்று கையை நீட்டினார். அந்த மனிதர் மட்டும் வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்திருந்தால், அந்தப் பெட்டி பரணில் தூசி பிடித்துக் கிடந்திருக்கும். அடுத்த சனிக்கிழமையே அக்கா கராஜுக்குள் புகுந்துவிட்டார். புட்டு அவிக்கும் பெரிய பானை அடுப்பில் ஏறியது. அவருடைய கணவர் ஒரு சொட்டும் தொடாதவர். கராஜைப் பறிகொடுத்தவர், தெருவில் இடம் தேடிக் காரை நிறுத்திவிட்டு வந்து படுத்துவிட்டார்.

முதல் தரம் காய்ச்சியது கழுநீர் மாதிரி இருந்தது. வாளியில் போட்டிருந்த கோட்டைப் பார்த்து அக்கா தண்ணீர் விட்டிருந்தார். கராஜின் தரையோ ஒரு பக்கம் சரிவு. வாளி சரிந்து நின்றதில் கோடு எங்கேயோ, தண்ணீர் எங்கேயோ. அன்றைக்கே அக்கா கண்ணளவைக் கைவிட்டார். இணையத்தில் தேடி ஒரு பாய்ச்சல் மீற்றர் வாங்கினார். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் சாமான்தான். குழாய்க்கு நடுவில் பொருத்தினால், தண்ணீர் போகும்போது உள்ளே ஒரு சின்னச் சில்லு சுற்றும். எத்தனை சுற்று என்று எண்ணி, இத்தனை லீற்றர் போயிற்று என்று ஒரு பெட்டித் திரையில் இலக்கம் ஓடும். பெற்றோல் பம்பின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். அக்கா அதைக் கையில் ஏந்தியபோது அவர் முகத்தில் வந்த கனிவை, ஐந்து வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த என்னிடம் அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

அடுத்த பியர் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதோடு மீற்றர் கராஜை விட்டு வீட்டுக்குள் வந்தது. சொதிக்குத் தேங்காய்ப்பால் மீற்றரில் போனது. விருந்தாளிகளின் தேநீர் மீற்றரில் வந்தது. இன்னும் கொஞ்சம் விடுங்கோ என்று கேட்டவர்களுக்குத் திரை காட்டப்பட்டது. குளியலறைக் குழாயிலும் ஒன்றைப் பூட்டிவிட்டு ஒரு காலை என்னை மறித்தார்.

“தம்பி, நீர் இண்டைக்குக் குளிச்ச தண்ணியில ஒரு ஊருக்குப் பியர் காய்ச்சலாம்.”

“தலை முழுகினன் அக்கா.”

“தலை உமக்கு அவ்வளவு பெரிசில்லையே.”

திரவங்களில் இப்படிச் சொட்டு விடாத மனிசி, ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அளவை காற்றில் பறக்கவிடுவார். நான் அப்போது ஒரு பண்டகசாலையில் பழுதான ஸ்கானர்களைத் துடைத்து, பற்றரி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னை அயலவருக்கு அறிமுகப்படுத்தியது “இவர் எங்கட எஞ்சினியர்” என்று. பேப்பர் போடுகிறவரை “பத்திரிகைத்துறையில இருக்கிறார்” என்பார். திருத்தினால் கேட்கமாட்டார். “நீர் சும்மா இரும், உமக்கு உம்மைப் பற்றித் தெரியாது” என்று வாயை அடைத்துவிடுவார்.

இனி ஒன்றுகூடலுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் ஒவ்வொரு கோடையிலும் ஒரு பூங்காவில் கூடும். கயிறு இழுத்தல், சங்கீதக் கதிரை, கொத்துரொட்டி எல்லாம் உண்டு. பியரும் உண்டு, ஆனால் அது இல்லை. அதாவது, ஆண்கள் ஒவ்வொருவராகக் “காரில ஒரு சாமான் எடுத்துக்கொண்டு வாறன்” என்று எழும்பிப் போவார்கள். கார் டிக்கி திறக்கும். டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் சாமான் தேடுவார்கள். திரும்பி வரும்போது கையில் சாமான் இருக்காது, கண் மட்டும் சிவந்திருக்கும். பெண்கள் வடைச் சட்டிக்கு முன்னால் நின்றபடி ஒன்றும் தெரியாததுபோல எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலம் காலமாக இதுதான் ஒழுங்கு.

அந்த வருட ஒன்றுகூடலைத் திட்டமிடும் சங்கக் கூட்டத்தில் அக்கா கை உயர்த்தினார்.

“இந்த முறை நான் காய்ச்சின பியரை மேசையில வைக்கப்போறன். காசுக்கில்லை, சும்மா. வளர்ந்த ஆக்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸ்.”

தலைவர் ஓய்வுபெற்ற கணக்காளர், குரல் உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கக் கூடியவர். “பிள்ளை, குடும்பங்கள் வாற இடம். பியர் சரிவராது” என்றார்.

“அப்ப டிக்கிக்குள்ள இருக்கிறது என்ன அண்ணை, மோரோ?”

மண்டபத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள். மறுத்தால் டிக்கி விவகாரம் இன்னும் விரியும் என்பது தலைவருக்குப் புரிந்துவிட்டது. ஆகவே நிபந்தனை போட்டார். வரிசையில் நிற்கும் கடைசி ஆள் வரைக்கும் கிடைக்க வேண்டும். ஓராளுக்குக் குறைந்தாலும் அடுத்த வருடம் மேசை இல்லை, அந்தப் பேச்சே இல்லை.

“நாப்பது லீற்றர் வரும். மீற்றர் வைச்சு அளந்து தாறன்” என்றார் அக்கா. “மீற்றர் பொய் சொல்லாது.”

ஒன்றுகூடலுக்கு முதல்நாள், புளித்து முடிந்த பியரைப் பழைய பீப்பாக்களிலிருந்து பரிமாறும் பீப்பாக்கள் இரண்டுக்கும் மாற்றினோம். சின்னப் பம்ப் ஒன்று இழுக்க, மீற்றர் எண்ண, நான் பழைய பீப்பாவைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெற்றோல் ஷெட்டில் சாரதிகள் துப்பாக்கி மாதிரியான பெற்றோல் குழாயைத் தூக்கி உதறி உதறிக் கடைசிச் சொட்டையும் எடுப்பதை வருடக்கணக்காகப் பார்த்தவர் அக்கா. அதே பாணியில் பம்பை நிறுத்தாமல் குழாயை உயர்த்தினார், உதறினார், மூலையில் வைத்து உறிஞ்சவிட்டார். குழாய் கொர்ரென்று குறட்டை விட்டது. திரையில் இலக்கம் விறுவிறுவென்று ஏறியது. இரண்டு பீப்பாவுக்கும் இதே கூத்து.

“பாத்தீரோ? கண்ணளவுக்காரர் இதைத்தான் கழுவி ஊத்துறவை. சொட்டுச் சொட்டா எத்தினை லீற்றர் சேந்திட்டுது.”

“அக்கா, காத்துத்தான் போகுது போல கிடக்கு.”

“காத்து சில்லைச் சுத்துமோ? எஞ்சினியர் கதைக்கிற கதையோ இது?”

திரை சரியாக நாற்பதில் வந்து நின்றது. நான் வழமைபோலத் தோற்றேன்.

மறுநாள் பூங்காவில், கொத்துரொட்டிக்கும் வடைக்கும் நடுவில், பூப்போட்ட விரிப்பு விரித்து அக்கா மேசை போட்டார். பீப்பாவின் குழாயிலேயே மீற்றரைப் பூச்சியத்தில் வைத்துப் பூட்டியிருந்தார். ஒவ்வொரு கிளாஸும் ஒரே அளவு, தலைவருக்கும் அதே அளவு. முதலில் யாரும் கிட்ட வரவில்லை. பிறகு டிக்கிக்காரர் ஒருவர் பின்னுக்கு மறைந்து வந்து ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போடாமல் போய்த் தன் கார் டிக்கியை மூடிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மைதானம் முழுவதும் டிக்கிகள் மூடும் சத்தம்தான். வரிசை நீண்டது. தலைவர் தன் கிளாஸை வாங்கி, குடித்து, ஒரு கதிரையைப் போட்டு வரிசையின் முடிவு தெரியும்படி உட்கார்ந்தார்.

முதல் பீப்பா நினைத்ததற்கு முன்பே இருமி வற்றியது. அக்காவின் புருவம் சுருங்கியது. “மற்றதில கூட இருக்கும்” என்றார். அந்த நேரத்தில்தான் ஒரு விசயம் நடந்தது. வடைச் சட்டிக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையின் வாலில் சேர்ந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு கூட்டமாக. வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, கையில் கடதாசிக் கிளாஸோடு. அக்கா அதைப் பார்த்தார். அவர் கண் நிறைந்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன். அந்தக் கணத்தில் இரண்டாவது பீப்பாவும் இருமியது.

திரையைப் பார்த்தேன். முப்பத்துநான்கு. நேற்று நாற்பது என்று சொன்னதும் இதே மீற்றர்தான். தன் வாழ்நாள் முழுவதும் மீற்றரின் பக்கம் நின்ற அக்காவுக்கு, மீற்றரே எதிராளியாக வந்து நின்றது. பீப்பாவைத் திறந்து பார்த்தார். குழாயை முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, காத்து சில்லைச் சுத்தும் போல.”

வேறு யாராவது என்றால் பீப்பா ஒழுகியது என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். அக்கா வெறும் பீப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார்.

“எல்லாரும் கேளுங்கோ. பியர் முடிஞ்சுது. நாப்பது எண்டு சொன்னன், முப்பத்துநாலுதான் வந்தது. மிச்சம் காத்து. மீற்றரில பிழையில்லை, அதுக்குக் காத்தைக் குடுத்தது நான். ஆனா பிழை என்னில, மேசையில இல்லை. மேசை அடுத்த வருசமும் இருக்கும்.”

தலைவர் எழுந்தார். “நிபந்தனை நிபந்தனைதான், பிள்ளை. கடைசி ஆளுக்குக் கிடைக்கவில்லை.”

“அந்தக் கடைசி ஆள் நான்தான்” என்று வரிசையின் வாலிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் திரும்பினோம். தலைவரின் மனைவி, கையில் வெறும் கிளாஸோடு நின்றார். “முப்பது வருசமா உங்கட டிக்கிக்குக் கடிக்கிறதுக்கு இறைச்சி பொரிச்சுக் குடுத்தது நான். ஒருநாள் வந்து நிண்டன், அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அடுத்த வருசம் மேசை இருக்கும். பொம்பிளையள் முன்னுக்கு நிப்பம், நீங்கள் பின்னுக்கு வாங்கோ. ஏலுமோ, ஏலாதோ?”

தலைவர் பூங்காவின் மரங்களை ஒருமுறை பார்த்தார். கணக்கு வழக்கில் பழகியவர், எந்த வரவு எந்தச் செலவு என்று அவருக்குத் தெரியும். “ஏலும்” என்றார்.

அடுத்த கோடையில் மேசை இருந்தது, மூன்று பீப்பாவோடு. இந்த முறை குழாய் குறட்டை விட்டதும் அக்கா பம்பை நிறுத்தினார், என்னைப் பார்க்காமல். நான் இப்போது கிழக்கு லண்டனுக்கு இடம் மாறிவிட்டேன். போன கிழமையும் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“என்ன எஞ்சினியர், வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?”

நான் இன்னும் ஸ்கானர்தான் துடைக்கிறேன். “நல்லாப் போகுது அக்கா” என்றேன். காற்றையும் சேர்த்து எண்ணித்தான் அவர் என்னை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை மட்டும் திருத்த எனக்கு மனம் வரவில்லை.