விழித்திருப்பவர்களை எழுப்புகிறவர்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். இளைஞர்களை எழுப்புவது அவர் வேலை. சேவல் கூவி எழுப்புகிறது, அம்மா போர்வையை உருவி எழுப்புகிறாள், இவர் ஒலிபெருக்கி வைத்து எழுப்புகிறார். இவர் மேடை ஏறும்போது அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே விழித்து, குளித்து, இரண்டு பஸ் மாறி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாக வருகிறவர் இவர்தான். வந்ததும் மைக்கைப் பிடித்துக் கேட்பார்: "இளைஞனே, இன்னும் எத்தனை நாள் உறங்கப் போகிறாய்?"

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. "குட் மார்னிங்" என்பார். கூட்டம் பதில் சொல்லும். "சத்தம் பத்தலையே" என்பார்; கூட்டம் கத்தும். "இது இளைஞர் குரலா?" என்று மூன்றாம் முறையும் கேட்டுத் தொண்டை வறளவைத்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். இளைஞர் அமைப்பின் தலைவர் என்பதால் அவருக்கு வயது நாற்பத்தெட்டுக்குக் குறையாது. மீசைக்கு மட்டும் இருபத்தைந்து. நாட்டின் தூண்கள் என்று பிள்ளைகளைச் சொல்வார். தூண்தானே, நின்றுகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு முன்வரிசை சோபாவில் அமர்ந்துகொள்வார்.

பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரைக் காட்டுகிறேன்.

செந்தமிழ்செல்வன். சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். 'வெள்ளாற்றுச் சிறகுகள் இளைஞர் ஆற்றல் பேரவை' என்ற அமைப்பின் நிறுவனர், தலைவர், பொதுச்செயலாளர், முதன்மைப் பயிற்சியாளர். கடை தொடங்கிப் பதினேழு வருடமாகியும் ஒரு பட்டதாரிக்குக்கூட அதில் வேலை கொடுத்ததில்லை. ஒருமுறை நானே கேட்டேன். "நம்ம கான்செப்ட் வேற சார்," என்றார். "நாம வேலை குடுக்கறவங்க இல்ல. வேலைக்குத் தயார் பண்றவங்க."

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, புறவழிச்சாலை ஓரமுள்ள கல்யாண மண்டபத்தில் அவர் ஓர் 'இளைஞர் ஆற்றல் பெருவிழா' நடத்தினார். சென்னையில் பெரிய அரங்குகளில் நடப்பதைப் போலவே நடத்தப்போவதாகச் சொன்னார். ஏசி இல்லை, வாகன நிறுத்தம் இல்லை, ஆனால் வாசலில் செயற்கைப் புகை விடும் இயந்திரம் இருந்தது. துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'ஐந்து முன்னணி நிறுவனங்களின் நேரடி நேர்காணல். காலை 9 முதல் 11 வரை. அசல் சான்றிதழ்களுடன் வரவும்.'

அந்த ஒரு வரிக்காக வந்தவள் இசைவாணி. கடலூர் முதுநகர்ப் பெண், வேதியியல் பட்டதாரி. படித்து முடித்து இரண்டு வருடமாக ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடையில் ஊராருடைய சான்றிதழ்களுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் இரண்டரைக்கு அவளுக்கு இன்னொரு நேர்காணலும் இருந்தது. செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் இடம். அவளுடைய அம்மா லோகநாயகி அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், மூன்று நாள் மேஸ்திரி பின்னாலேயே நடந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்ற பெயரை வாங்கி வந்து மகளிடம் கொடுத்தவர் அவர்தான். இந்தம்மாள் எந்தப் பேரவையிலும் உறுப்பினர் இல்லை.

சிதம்பரத்தில் பதினொன்றுக்கு முடிந்தால் செம்மங்குப்பத்துக்குத் தாராளமாகப் போய்விடலாம் என்பது இசைவாணியின் கணக்கு. துண்டறிக்கையை நம்புகிற வயது.

பதிவு மேசையில் சீருடைச் சட்டையுடன் காயத்ரி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். "ஒரிஜினலெல்லாம் இங்க குடுத்துடுங்க. கம்பெனிக்காரங்க பாக்கணுமாம்," என்றாள்.

"நான் பன்னெண்டரைக்குக் கெளம்பணும் அக்கா."

"அதுக்குள்ள எல்லாமே முடிஞ்சிடும்மா."

முடிந்ததா? தொடங்கவே பத்தே முக்கால். குத்துவிளக்கு ஏற்ற மின்விசிறிகளை நிறுத்தினார்கள். ஏற்றியபின் போட மறந்தார்கள். ஐந்து நிறுவனங்களில் வந்தது ஒன்று. அதுவும் காப்பீட்டு முகவர் சேர்க்க வந்த ஒரு மனிதர். அவர் எல்லோரையும் தேர்வு செய்துவிட்டார். பிறகு வரவேற்புரை, வரவேற்றவரை வரவேற்று ஓர் உரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். செந்தமிழ்செல்வன் தான் வறுமையில் வளர்ந்த கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்குப் பெண்ணாடம் பக்கம் பதினான்கு காணி கரும்பு இருந்தது அந்தக் கதையில் வரவில்லை.

சிறப்பு விருந்தினர் சுப்புராயன், வடலூர்க்காரர், மனைப்பிரிவுகள் போட்டு விற்கிறவர். அவர் வந்துகொண்டே இருந்தார். பதினொன்றுக்கு, "சேத்தியாத்தோப்பு தாண்டிட்டாரு." பதினொன்றரைக்கு, "புவனகிரி வந்துட்டாரு." பன்னிரண்டுக்கு மறுபடியும் சேத்தியாத்தோப்பு. பின்னோக்கி வருகிற காரைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன்.

இதற்குள் இன்னொரு சங்கடம். கலந்துகொண்டவர்களுக்குக் கொடுப்பதாக இருந்த சான்றிதழ்கள் அச்சகத்திலிருந்து வரவில்லை. சிறப்பு விருந்தினர் எதையாவது வழங்காவிட்டால் படம் எப்படி எடுப்பது? செந்தமிழ்செல்வனின் மூளை இந்த மாதிரி நேரத்தில்தான் வேலை செய்யும். பதிவு மேசையில் வாங்கிய கோப்புகளையெல்லாம் மேடை மேசையில் அடுக்கி, பச்சை நாடா சுற்றச் சொன்னார். அதாவது, பிள்ளைகள் மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டத்தை, அவர்களிடமிருந்தே வாங்கி வைத்துக்கொண்டு, சுப்புராயன் கையால் அவர்களுக்கே வழங்குவது. நிகழ்ச்சி நிரலில் 'சான்றிதழ் வழங்கும் விழா' என்று ஒரு வரி சேர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அருமையான யோசனை என்றார்கள். நானும் தலையாட்டினேன். அடுத்த வாழ்த்துரை என்னுடையது.

பன்னிரண்டரைக்கு இசைவாணி காயத்ரியிடம் போனாள். "அக்கா, என் ஃபைலக் குடுங்க. பஸ்ஸப் புடிக்கணும்."

"அது மேடைக்குப் போயிடுச்சும்மா. சாரத்தான் கேக்கணும்."

மேடையிலிருந்து தண்ணீர் குடிக்க இறங்கிய செந்தமிழ்செல்வனை வழிமறித்தாள். இதெல்லாம் நான் உட்கார்ந்திருந்த சோபாவுக்கு மூன்றடி தூரத்தில் நடந்தது.

"சார், ரெண்டரைக்கு இன்டர்வியூ சார். செம்மங்குப்பத்துல. என் ஃபைலு மட்டும் குடுத்துடுங்க."

"என்னாம்மா அவசரம்? சீஃப் கெஸ்ட் கையால வாங்கிகினு போ. ராசியான கை."

"அவரு எப்ப வருவாரு சார்?"

"வந்துகிட்டே இருக்காரு. பாத்தியா, இதான் நம்ம பசங்ககிட்ட உள்ள கொறை. வேலைன்னு சொன்னா ஓடறீங்க. வேலை தேடறவளா இருக்காதம்மா. வேலை குடுக்கறவளா மாறு."

"மாறிடறேன் சார். மொதல்ல ஃபைலக் குடுங்க."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த என்னைப் பார்த்து, "பேச்சுத்திறமை இருக்கு சார், தன்னம்பிக்கைதான் கொஞ்சம் கம்மி," என்று கணித்துவிட்டு மேடை ஏறினார். இசைவாணி என்னைப் பார்த்தாள். சொல்லுங்கள், நான் என்ன செய்திருப்பேன்? பையிலிருந்த என் உரைக்குறிப்பை எடுத்துப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அவள் கைபேசி அடித்தது. அம்மா.

"எங்கடி வந்துகிட்டு இருக்க?"

"இன்னும் கெளம்பலம்மா. ஃபைலத் தர மாட்டேங்கறாங்க."

"தர மாட்டாங்களா? யாரு வூட்டு ஃபைலு அது?" ஒலிபெருக்கி இரைச்சலையும் மீறி லோகநாயகியின் குரல் எனக்கே கேட்டது. "இங்க எட்டு பேரு வந்து ஒக்காந்துகினு இருக்காங்க. நான் கேட்டாண்ட நிக்கறேன். நீ வந்து சேரு."

மேடையில் செந்தமிழ்செல்வன் தன்னுடைய புகழ்பெற்ற பயிற்சியைத் தொடங்கியிருந்தார். "எல்லாரும் கண்ணை மூடுங்கள். உங்கள் கனவை நினையுங்கள். வெற்றி உங்கள் எதிரே நிற்கிறது. அதை நோக்கி மனதளவில் ஓரடி எடுத்து வையுங்கள்." பின்னால் புல்லாங்குழல் இசை ஓடியது. இருநூறு பிள்ளைகள், வியர்வை வழிய, கண்ணை மூடிக்கொண்டார்கள். பயிற்சியாளரும் மூடிக்கொண்டார். முன்வரிசையில் சிலர் உண்மையாகவே உறங்கினார்கள்.

இசைவாணி மூடவில்லை. பக்கவாட்டுப் படியில் ஏறி மேசைக்குப் போனாள். பச்சை நாடாவை அவிழ்த்தாள். ஒவ்வொரு கோப்பாகப் பெயர் பார்த்தாள். கை நடுங்கியது; கண்ணில் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு பெயர்களை மறைத்தது. நாலைந்து கோப்புகள் சரிந்து கீழே விழுந்த சத்தத்தில் செந்தமிழ்செல்வன் கண்ணைத் திறந்தார்.

"ஏய், ஏய், ஏம்மா! ஆர்டர் மாறிடும்மா! வையி கீழ!"

மைக் வேலை செய்துகொண்டிருந்தது. இருநூறு பேரும் கண் திறந்தார்கள். அதற்குள் அவளுடைய கோப்பு அவள் கையில் இருந்தது. அதன் மறுமுனை அவர் கையில் இருந்தது. அவர் இழுக்க, அவள் இழுக்க, ஒரு பொருளை இரண்டு பேர் பிடித்தால் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மட்டுமே கற்றிருந்த புகைப்படக்காரர் அமுக்கினார். வெளிச்சத்தில் கண்கூசி செந்தமிழ்செல்வன் பிடியை விட்டார்.

அவள் இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. மைக் அருகே வந்தாள்.

"எல்லாரோட ஃபைலும் இங்கதான் இருக்கு. யாரும் வந்து குடுக்க வேணாம். வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கங்க."

கடைசி வரிசையிலிருந்து சேரன் என்ற பையன் எழுந்தான், ஐ.டி.ஐ. முடித்தவன், மதிய ஷிப்டுக்குப் போக வேண்டியவன். அவன் எழுந்ததும் ஒரு வரிசை எழுந்தது. பத்து நிமிடத்தில் மேசை காலி, கால் மணியில் மண்டபம் காலி. செந்தமிழ்செல்வன், "ஒழுங்கா வரிசையில வாங்கப்பா, வரிசையில வாங்க," என்று கடைசிவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அதையும் அவர்தான் நடத்துகிறாராம்.

ஒன்றேகாலுக்கு சுப்புராயன் வந்தார். சோபாவில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். சராசரி வயது அறுபத்திரண்டு. இளைஞர்களே விழித்தெழுங்கள் என்று எங்களிடம் முக்கால் மணி நேரம் முழங்கினார்.

இசைவாணி? ஷேர் ஆட்டோவில் பஸ் நிலையம் போய், கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்து, தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது இரண்டு ஐம்பது. பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்த காவலாளியிடம் லோகநாயகி ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் பேசிப் பிடித்து வைத்திருந்தார். மகளைக் கண்டதும் அவர் ஊக்கமூட்டும் சொல் எதுவும் சொல்லவில்லை. தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, "தலைய வாரிகினு உள்ள போ," என்றார், அவ்வளவுதான்.

உள்ளே இருந்த அதிகாரி கேட்டாராம்: "ஏம்மா லேட்டு?"

"என் சர்டிபிகேட்ட நான் வாங்கறதுக்கு லேட்டாயிடுச்சு சார்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், அமிலத்தையும் காரத்தையும் கொடுத்து அளந்து காட்டச் சொன்னார். ஒரு சொட்டு கூடினாலும் நிறம் அடர்ந்துவிடுகிற வேலை. மேடையில் நடுங்கிய கை அங்கே நடுங்கவில்லை. ஆடி முதல் வாரம் வேலையில் சேர்ந்தாள்.

இதை அவள் வாயாலேயே கேட்டேன். வேலையில் சேர்ந்த பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று முதுநகர் போயிருந்தேன். "பரவால்ல சார்," என்றாள். நாற்காலி எடுத்துப் போடவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் செந்தமிழ்செல்வன் சாதாரண மனிதர். அவர் இனம் வேறு. அவள் வேலையில் சேர்ந்த அடுத்த வாரமே சிதம்பரத்திலிருந்து முதுநகர் வரை பதாகைகள். மேடையில் எடுத்த அதே படம். ஒரு கோப்பு, ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவள். கண்கூசியதில் அவர் முகம் சிரிப்பதுபோலவே இருந்தது. கீழே: 'பேரவையின் பயிற்சியால் வேலைவாய்ப்புப் பெற்ற கடலூர்ச் சிங்கப்பெண்ணுக்குத் தலைவர் பணி ஆணை வழங்கியபோது.'

பதாகையிலிருந்த எண்ணுக்கு லோகநாயகி போன் போட்டார். "சார், அது எம்பொண்ணு. நீங்க புடுங்கறீங்க, அது வுட மாட்டேங்குது. பாத்தாலே தெரியுதே. அதப் போயி நீங்க குடுத்தேன்னு போட்டிருக்கீங்க?"

"அம்மா, நீங்கதான் பெத்தவங்களா!" அவர் குரல் தழுதழுத்ததாம். "உங்களத்தான் தேடிகிட்டு இருந்தேன். அடுத்த மாசம் கடலூர்ல விழா. உங்களுக்கு 'சாதனைத் தாய்' விருது. கட்டாயம் வரணும்."

"எனக்கு ஷிப்டு இருக்கு," என்று வைத்துவிட்டார்.

செந்தமிழ்செல்வன் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறீர்களா? இல்லை, முழுக்க நம்புகிறார். தான் பிடித்து இழுத்ததால்தான் அந்தப் பெண்ணுக்கு அந்த வேகம் வந்தது, ஆகவே அந்த வேலை தன்னால் வந்தது என்று என்னிடமே விளக்கினார். பொய்யரையாவது ஒருநாள் பிடித்துவிடலாம். இவரை எங்கே போய்ப் பிடிப்பது?

நீங்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நமக்கு மேடையும் இல்லை, பதாகையும் இல்லை என்ற தைரியம். சரி, ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் எதிர்வீட்டுப் பிள்ளையோ தங்கை மகனோ உங்களிடம் வந்து, "உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களாமே, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டிருக்கும். ஒரு பெயர், அதைச் சொல்ல மூன்று வினாடி போதும். நீங்கள் அந்தப் பெயரைச் சொன்னீர்களா, அல்லது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எது இல்லை என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னீர்களா? அந்தப் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டிருக்கும். போகும்போது "தேங்க்ஸ்" என்றும் சொல்லியிருக்கும்.

அதை நீங்கள் நன்றி என்றுதானே நினைத்துக்கொண்டீர்கள்?