எட்டு நிமிடக் கம்ப்யூட்டருக்கு எந்தப் பேஸ்ட்?

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெங்களூரில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை ஜெரி அவர்களுக்கு, மாமனார் சிலுவைமுத்து எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் உங்கள் அத்தை பிலோமியும் கிரீஸ் கடையும் சுகம். நீங்களும் என் மகள் மெர்லினும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. போன் செய்தால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதைத்தான் அது தானாகவே செய்துகொண்டிருக்கிறது. ஆகவே கூரியரில் கேட்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் பழைய விசிறி இரைகிறது என்று நீங்கள் அன்போடு அனுப்பிய புதுக் கூலரை வீடியோ பார்த்து நானே மாட்டினேன். புதுப் பொருளின் உறையைக் கிழிக்கும் பழக்கம் நம் வீட்டில் கிடையாது, நீங்கள் வந்தால் உட்காரும் சோபாவே இன்னும் பிளாஸ்டிக்கோடுதான் கிடக்கிறது. அப்படியே கூலரின் அடியில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளையும் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றி, அதன்மேல்தான் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் தடவிப் பிராசஸரில் பொருத்தினேன். அன்றிலிருந்து பிராசஸர் இட்லிக் குண்டான் மாதிரி கொதிக்கிறது, எட்டாவது நிமிடம் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. துறைமுகக் கிரேன்களுக்கான கிரீஸ் டெண்டரை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஒன்பது வருடமாக நம் கையில் இருக்கும் சப்ளை. விண்ணப்பம் நிரப்பவே பத்து நிமிடமாகும். பிரவுசிங் சென்டருக்குப் போகலாமே என்பீர்கள். அதை நடத்துகிறவன் போட்டிக் கடை ஹென்றியின் மச்சான். நான் என் விலையைத் தட்டி முடிப்பதற்குள் அது திருவொற்றியூரில் ஹென்றி காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கோளாறு பேஸ்ட்டில்தான் என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கேதான் தலை சுற்றியது. ஒருவன் சாம்பல் நிறம் என்கிறான், ஒருவன் வெள்ளை என்கிறான், இன்னொருவன் உருகிய உலோகம் என்று ஊசியை நீட்டுகிறான். முப்பது வருடமாக கிரீஸை விரலில் தேய்த்து மோந்தே தரம் சொல்கிறவன் நான்; இதைத் தேய்த்தால் குளிரவே இல்லை. "இன்னாப்பா, சூட்டத் தணிக்கும்ன்ற, தலவலித் தைலம் அளவுக்குக்கூட ஜில்லுனு இல்லியே?" என்றேன். "நைனா, இது மிஷினுக்கு, உனுக்கு இல்ல" என்றான். எவ்வளவு தடவ என்றால் அரிசி அளவாம். "எந்த அரிசி? பச்சரிசியா, பாஸ்மதியா?" என்றதும் பக்கத்துக் கடைக்காரன் பட்டாணி அளவு என்று புகுந்தான், வீடியோவில் ஒருவர் பெருக்கல் குறி போடுகிறார். பேரிங்குக்கு நிறைய கிரீஸ் அடைத்துப் பழகியவன் இப்படிக் கஞ்சத்தனம் செய்வேனா? மூன்றையும் வாங்கிவந்து பிதுக்கினேன். எட்டு நிமிடம் ஏழானது. கடைசியில் நம் கடைக் கிரேன் கிரீஸையே அப்பினேன். நாலாவது நிமிடம் புகை. அத்தை ஓடிவந்து, "இன்னாய்யா, கம்ப்யூட்டர தாளிச்சிகினுகீறியா?" என்றாள்.

ஆகவே சாம்பலா வெள்ளையா, அரிசியா பட்டாணியா, எழுத்தில் தெரிவிக்கவும். அல்லது கோளாறு கூலரிலேயே என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், மனம் வருந்த வேண்டாம், வியாபாரத்தில் உங்களுக்கு அனுபவம் போதாது. உங்கள் இருவருக்கும் அந்தோணியார் துணையிருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
சிலுவைமுத்து

பி.கு.: கூரியர்க்காரருக்காகக் காத்திருந்த நேரத்தில் அத்தை கூலரைக் கழற்றித் துடைத்தாள். "இது இன்னாத்துக்குக் கீது?" என்று அந்தக் கண்ணாடித் தாளைப் பர்ரென்று உரித்துவிட்டாள். அதில் சிவப்பில், 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கம்பெனி பெயர் என்றல்லவா நினைத்திருந்தேன்! டியூபில் மிஞ்சிய துளியை எந்த அரிசி என்று கேளாமல் வைத்து மாட்டினாள். இரண்டு மணி நேரமாக ஓடுகிறது, டெண்டரும் ஏறிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள்: "புச்சு கடுதாசிய இன்னாத்துக்குக் கிழிக்கிற? அப்டியே போவட்டும்."