குழாய்க்காரரின் கடைவாய்ப் போர்

வாழ்க, அடைப்புகளின் அந்தகன்! வாழ்க, கசிவுகளின் காலன்! துருவேறி இறுகிய இரும்புக் குழாய்களையெல்லாம் ஒரே திருகில் அலறவைத்த வயிரத்தோளர், மூன்று தெருத் தண்ணீர்த்தொட்டிகளின் தனிப்பெருங்காவலர், நம் குழாய்க்காரர் நீடூழி வாழ்க! சொல்லின் தெய்வமே, என் நாவில் வந்தமர்க. அவர் நாவுக்குப் பக்கத்தில் நிகழ்ந்த பெரும்போரை இதோ பாடப் புகுகிறேன்.

பகைவனோ உள்நாட்டிலேயே உண்டு கொழுத்தவன். இடக் கீழ்த்தாடையின் கடைக்கோடியில், குழிவிழுந்த கருங்கோட்டைக்குள் கொலுவிருந்து, சூடு பட்டால் சீறி, குளிர் பட்டால் குத்தி, சும்மா இருந்தாலும் சுண்டி இழுத்துக் கொடுங்கோல் செலுத்தினான். அவனை வேரறுக்க நம் தலைவர் இருமுறை படையெடுத்தார். இருமுறையும் பல் மருத்துவமனை வாசலில் மருந்து வாசனை மூக்கில் பட்ட மாத்திரத்தில், எங்கோ குழாய் வெடித்துவிட்டதாக அறிவித்துவிட்டு, புறமுதுகிட்டார் என்று சொல்ல நா கூசுவதால், வீடு திரும்பினார் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

முனகல் கேட்டுக் கேட்டுத் தூக்கமிழந்த இல்லத்தரசி, மூன்றாம் முறை தானே உடன் வந்து, வாசலில் நின்று போர்முரசு அறைந்தாள்.

"இன்னிக்கும் அந்தப் பல்லோட வெளியே வந்தீங்க, குழாய்க்காரருக்கு ஊசின்னா பயம்னு தெரு முழுக்க நானே சொல்லிடுவேன்!"

"பயமா? எனக்கா? ஒரு சத்தம் வராது பாரு!" என்று முழங்கினார் தலைவர். முழங்கியவர், வாசற்படியை மட்டும் மிக மெதுவாகவே தாண்டினார்.

சாய்ந்தது நாற்காலித் தேர். தலைக்குமேல் எழுந்தது விளக்கென்னும் செங்கதிர். தலைவரின் தோளுயரமே இருந்த பெண் மருத்துவர் முகக்கவசம் பூண்டு, ஊசிவேல் எறிந்து, பாதித் தாடையை மரமாக்கி, குறடு தாங்கிக் களம் புகுந்தார். ஐயகோ, தலைவர் பையில் கிடக்கும் குறடுகளில் கடைக்குட்டிகூட அதைவிடப் பெரியதாயிற்றே! நெம்பினார் மருத்துவர், அசைந்தான் பகைவன், ஆயினும் வேரூன்றி நின்றான். வியர்த்தார் மருத்துவர்; நாற்காலியின் கைப்பிடியை நசுக்கினார் தலைவர்; ஓடிவிடலாமா என்ற பழைய எண்ணம் அவர் கால்களில் மெல்ல ஏறலாயிற்று.

அவ்வமயம் அவர் காதில் விழுந்தது ஒரு சொட்டுச் சத்தம். இடப்பக்கம், வாய் கொப்பளிக்கும் தொட்டிமேல் வளைந்திருந்த சிறு குழாயின் கழுத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் ஊசி மறந்தார், குறடு மறந்தார், தம் வாய் பிறர் வசம் இருப்பதையே மறந்தார். கசிவைக் கண்டும் காணாதிருக்க அவர் குலத்தில் யாராலும் முடியாது.

"ஐயோ, தலையைத் திருப்பாதீங்க!" என்று மருத்துவர் கூவுமுன், இடக்கை நீண்டது, இரு விரல்கள் மரையை இறுக்கின, தலை இடமாய்ச் சுழன்றது, குறடோ இருந்த இடத்திலேயே உறுதியாய் நின்றது. இவ்விரு பேராற்றல்களுக்கும் நடுவே சிக்கிய பகைவன், அடியோடும் வேரோடும், 'டக்' என்ற ஒற்றை ஒலியோடு வெளியே வந்தான்.

மருத்துவர் பல்லைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். சொட்டு நின்றிருந்தது. பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தே விட்டார்.

காயத்தில் பஞ்சு வைத்து வழியனுப்பப்பட்ட தலைவர், ஒரு கூக்குரலும் எழுப்பாத கூற்றுவனாய், வாகைசூடிய வேந்தனாய், காகிதத்தில் பொதிந்த பகைவனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "அப்பாடா, பிடுங்கியாச்சா?" என்று மனைவி மலர்ந்து எழுந்தாள்; அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காத்திருந்த கூட்டம் நிமிர்ந்தது. தம் வீரத்தைத் திசையெட்டும் அதிர முழங்குவதற்காக மார்பகல மூச்சிழுத்தார் மாவீரர்.

வாயில் பஞ்சு இருப்பதால் ஒரு மணி நேரத்துக்குப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.