அக்கா கல்யாணத்தில் நான் போட்ட கேசட்

புதுப் பொருள் கைக்கு வந்தால் சிலருக்கு முதலில் கழன்று விழுவது மூளைதான். எனக்கு அது இருபது வயதில் ஒரு டேப்ரிக்கார்டரோடு கழன்றது. (இன்னும் திரும்பி வரவில்லை என்பது என் மனைவியின் கருத்து.)

எண்பதுகளின் தொடக்கம். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் தென்னை மரத்தில் குழாய் கட்டி இசைத்தட்டு போடுவார்கள். ஊசி கரகரக்கும். என் அக்கா கல்யாணத்துக்கு அந்தக் கர்நாடகம் ஆகாது என்று சேலத்துக்குப் போய், பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு கேசட்டில் பாட்டுப் பதிந்து வந்தேன்.

"தம்பி, தட்டே போடலாமுங்க. தேயும், ஆனா பேச்சு மாறாதுங்க" என்றார் மைக்செட்காரர்.

"அதெல்லாம் பழசுங்க" என்றேன். (அன்று எனக்குத் தெரிந்த ஒரே வாதம்.)

கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். புதுசை யாராவது உடைப்பார்களா? கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, என் குரலைக் கேட்கும் ஆசையில் இரண்டாம் பாட்டின் மேலேயே பதிவுப் பொத்தானை அழுத்தி நாலு வரி பாடினேன். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது என்று அப்பா கத்தினார். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பிடித்துக் கட்டிவிட்டு வந்து டேப்பை நிறுத்தினேன். போட்டுக் கேட்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கும்போது நானே என் கையால் கேசட்டைப் போட்டேன். முதல் பாட்டு அமோகம். அடுத்து என் குரல். பந்தலே சிரித்தது. நிறுத்தக்கூடத் தோன்றாமல் மரமாக நின்றேன். அதற்குள் குழாயில் அக்கா அழுதாள்.

"எனக்கு அவரப் புடிக்கலீங்கம்மா."

"பேசாத இரு சாமி. மூஞ்சியப் பாத்தா பொண்ணு குடுக்கறாங்க? சித்திரையிலயும் வத்தாத கெணறு அவங்களுது."

"அப்ப என்னைய அந்தக் கெணத்துக்கே கட்டி வெச்சுருங்க."

மைக்செட்காரர் வயரைப் பிடுங்கினார். அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"கெணத்தப் பத்திச் சொன்னது நெசந்தானுங்களே! வாங்க, உள்ள போலாம்."

குபீரென்று எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் பிழைத்தது. என் முதுகில்தான் ஆளுக்கொன்று வைத்தார்கள். அக்கா முதலில் சொன்னதைப் பற்றி மட்டும் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. நானும்தான். மாடு அறுத்துக்கொண்டால் ஓடத் தெரிந்த எனக்கு, அவள் இருந்த மாடி அறை வரை போய் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. காலையில் தாலி கட்டினார்கள்.

அந்தக் கேசட்டை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார். சீரோடு அதுவும் போயிற்று. நாடா இழுபட ஆரம்பித்ததும் வேறு கேசட்டுக்கு மாற்றினார். பிறகு சிடி, பிறகு பென்டிரைவ், இப்போது கைப்பேசி. நான் ஆசையாகச் சேர்த்த பாட்டுகளெல்லாம் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. அக்காவின் அழுகை மட்டும் வரவரத் தெளிவாகக் கேட்கிறது.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி ஆறுவதற்குள் மச்சான் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

"மாப்ள, உன்ற கச்சேரியப் போடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். அக்கா பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையுங்க. நாஞ் சொன்னது பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்."